ஹங்கேரிக்காரனின் கடைசி இசைத்தட்டு

யூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தாயிற்று. பிறகு காதில் இயர்போன்.

அந்த ஹங்கேரி நாட்டு ஜாஸ் ஃபியூஷன் கிற்றார்காரனை முதலில் இருந்து ஒழுங்காகக் கேட்கிறேன். பெயர் வாயில் நுழையாது. இனி ஹ.கா. ஆரம்பகாலப் பதிவுகளில் ஏழு எண்ணிக்கைத் தாளம், கிராமத்துக் கலியாண மெட்டு, ஓட்டமோ ஓட்டம். கோயில் திருவிழாக் கோஷ்டியில் சினிமாப் பாட்டுக்குக் கிற்றார் வாசித்தே தேய்ந்த என் கைக்கு இப்போதுதான் பசி வந்திருக்கிறது.

சுகந்தி சாப்பிடக் கூப்பிட்டாளாம். கேட்கவில்லை. “கலியாணம் முடிச்சது என்னையோ, உந்த வயரையோ?”

யூலை 10, வியாழன்

ஹ.கா.வின் கடைசி இசைத்தட்டு. என்ன துணிவு! டிரம்ஸில் தோல் மட்டும், சிம்பல் தட்டையே காணோம். கிற்றார் மேல் சுரங்களுக்குப் போகவே இல்லை. வயதுபோக, தேவையில்லாததை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டான் மனுசன். அழுகை வந்தது.

நெல்லியடித் திருவிழாவில் நாங்களும் ஒரு பாட்டு இப்படி வாசிக்க வேண்டும். எங்கள் டிரம்ஸ்காரன் யூட்டுக்குப் பாட்டை அனுப்பியாயிற்று.

தண்ணீர் மோட்டருக்கு வாஷர் வாங்க வேண்டும்.

யூலை 13, ஞாயிறு

குருநகர். யூட் வீட்டில் ஒத்திகை. பதினெட்டு வயதிலிருந்து எங்கள் டிரம்ஸ் அவன்தான்.

“சிம்பல் வேண்டாம். அவங்கள் மாதிரி வாசி.”

“அண்ணை, உதிலை முழுக்கச் சிம்பல்தானே?”

பகிடி விடுகிறான் என்று ஏசிவிட்டேன். “அப்ப அதை வாசிச்சுக் காட்டு.” குச்சியை எடுத்தான். பார்த்துக்கொண்டு நின்றேன். “அடியன்ரா!”

“அடிச்சுக்கொண்டுதான் அண்ணை இருக்கிறன்.”

தட்டு ஆடிக்கொண்டிருந்தது. கீபோட்காரன் நிலத்தைப் பார்த்தான். யூட் மெல்லக் கையால் தட்டைப் பிடித்து நிறுத்தினான். “வெக்கையப்பா, ரீ குடிப்பம்.”

விளைமீன் வாங்கினேன். சுகந்தியிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

யூலை 16, புதன்

காது டொக்ரர். இயந்திரப் பரிசோதனை. மேல் சத்தங்கள் போய்விட்டன. திரும்பி வராது.

“ஸ்பீக்கருக்குக் கிட்ட நிண்டனீங்களோ?”

ஓம் என்று தலையாட்டினேன். மேடையில் எங்களுக்கும் கேட்க வேண்டும் என்று ஒரு ஹோண் ஸ்பீக்கரை எங்கள் பக்கம் திருப்பிக் கட்டுவது வழக்கம். என் இடது காதடியில். சவுண்ட்காரனோடு சண்டை பிடித்துக் கட்டுவிப்பவனே நான்தான்.

“கோஷ்டியை விடாட்டில் மிச்சமும் போயிடும்.”

பஸ்ஸில் எல்லோரும் வாயசைத்தார்கள். ஹ.கா. ஒன்றையும் கழற்றி எறியவில்லை. என் காதுதான் எறிந்திருக்கிறது. முப்பது வருடம் வாசித்தவன், இனி என்னத்துக்கு எழும்புவது? ஒன்றும் வேண்டாம் போல் இருக்கிறது.

யூலை 18, வெள்ளி

நெல்லியடித் திருவிழா. போகவில்லை. யூட் வேறொருவனைக் கூட்டிப் போனான். அதுவும் நான் சொல்லித்தான்.

சுகந்திக்கு எல்லாம் தெரியும் இப்போது. பின்னேரம் அவளைப் பக்கத்தில் இருத்தி, ஒரு இயர்போன் அவளுக்கு, மற்றது எனக்கு. கடைசி இசைத்தட்டு.

“பாடுறதுக்கு ஆரும் இல்லையே?”

“இல்லை. கிற்றாருக்குப் பின்னாலை என்ன கேக்குது, சொல்லு.”

கண்ணை மூடினாள். இவள் பாட்டுக் கேட்டு இருந்ததை நான் கண்டதே இல்லை.

“பேப்பரிலை சீனி கொட்டுற மாதிரி. மெல்லிசா... விட்டு விட்டு. வடிவா இருக்குதப்பா.”

எனக்குத் தோல் அடி மட்டும். பிறகு அதுவும் நின்றது. முடிந்துவிட்டது என்று இயர்போனைக் கழற்றப் போனேன். என் கையைப் பிடித்தாள்.

“பொறுங்கோ. இன்னும் போகுது.”