எங்கே இறங்கணும் என்று கேட்டவளுக்கு

என் புஷ்பத்துக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. திதியன்று நம் மகள் மாலினி உன் படத்துக்கு மாலை போட்டாள், நான் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதச் சொன்னது உன்னோடு ஆஸ்பத்திரி ஒபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த நேர்ஸ் ரிஸ்வானாதான். எனக்குப் 'பைத்திய ஊசி' போடுகிறார்கள் என்று நம் மஹய்யாவ ஊருக்குள் பேச்சு அடிபடுகிறதாம். பேசட்டும். ஆனால் உனக்குச் சொல்லாமல் ஊருக்கு எப்படிச் சொல்வது?

அது உன் ஊசிதான் புஷ்பம். கெட்டமின், அந்த மயக்க மருந்து.

வேலை முடிந்து வந்து நீ சொன்ன கதைகளில் பாதி அந்த மருந்தைப் பற்றியதுதானே. வலி தெரியாது, மூச்சு பெரும்பாலும் தன் பாட்டுக்கு ஓடும், சிலருக்குக் கண்கூட மூடாது என்பாய். எலும்பு விலகியவர்களுக்கும், சுடுதண்ணீர் கொட்டிக்கொண்ட தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகளின் புண்ணைக் கழுவிக் கட்டவும் அதுதான் கைகொடுக்கும். தொல்லை என்னவென்றால், உடம்பு கட்டிலில் கிடக்க மனசு எங்கேயோ கிளம்பிவிடும். பயந்துகொண்டு போனவர்களில் சிலர் அலறிக்கொண்டு திரும்பி வருவார்கள்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கை முறிந்து வந்த ஒருவர் மயக்கம் தெளியும்போது கண்டபடி பேச, வாசலில் நின்ற சனம் சாமி வந்துவிட்டது என்று கைகூப்பிக் குறி கேட்டதாம். அதைச் சொல்லி நீ சிரித்தாய். அப்புறம் உன் முகம் மாறிவிட்டது. "பாவம், எங்க போய் மாட்டிக்கிட்டு வந்தாரோ" என்றாய்.

அதற்குப் பிறகுதான் அந்த வழக்கத்தைத் தொடங்கினாய். ஊசி போடுமுன் நல்ல இடமாக நினைத்துக்கொள்ளும்படி டொக்டர் சிங்களத்தில் சொல்வார், தோட்டத்துச் சனம் பாதி விளங்காமல் தலையாட்டும். நீ அவர்கள் காதருகே குனிந்து, மடுல்கெல்ல பஸ்ஸில் கொண்டக்டர் வேலை பார்க்கிற நான் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வியையே கேட்டாய். "எங்க எறங்கணும்?" கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி, தான் பார்த்தே இராத கடலைச் சொன்னாளாம். பதில் வரும்வரை டொக்டரும் ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். என் தொழிலைத் திருடிவிட்டாய் என்று உன்னை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்.

பிறகு அந்த மருந்து உனக்கே வந்தது. புற்றுநோய் எலும்புக்குள் போய், மோர்ஃபினுக்கும் அடங்காத வலி வந்தபோது, கொஞ்சம் கொஞ்சமாக சேலைனோடு ஏற்றினார்கள். முதல் நாள் நான்தான் குனிந்து உன்னிடம் கேட்டேன், எங்க எறங்கணும் என்று.

"எங்கயும் இல்ல," என்றாய். "இங்கயே இருக்கேன். நீங்க கைய மட்டும் விட்டுறாதீங்க."

நான் விடவில்லை புஷ்பம். கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படியும் நீ போனாயே, அதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

அதற்கப்புறம் நான் பஸ்ஸில் ஏறவில்லை. சாப்பாடு மண் மாதிரி இருந்தது. குளிக்கச் சொன்னால்கூட அழுகை வந்தது. மாலினி வேலைக்குப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உன்னிடம் வந்துவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள்தான் மனநல டொக்டரிடம் கூட்டிப் போனாள். மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் சரிவரவில்லை. கடைசியில் அவர் உன் மருந்தின் பெயரைச் சொன்னார். மயக்குகிற அளவுக்கு இல்லை, கொஞ்சமாக, பக்கத்தில் ஆள் இருந்து பிரஷர் பார்த்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள், எல்லோருக்கும் கொடுப்பதுமில்லை, எல்லோருக்கும் கேட்பதுமில்லை என்று விளக்கினார். நான் உடனே சரி என்றேன். அவருக்குச் சந்தோஷம். நான் ஏன் சரி என்றேன் என்று அவருக்குத் தெரியாது. உன்னிடம் போவதாகச் சொல்லிக் கண்ணை மூடுவது, பிறகு திரும்பாமலே இருந்துவிடுவது என்று மனசுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

ரிஸ்வானா இப்போது அந்த மருந்து ஏற்றுகிற வார்டில்தான். கையில் பிரஷர் பட்டியைக் கட்டிவிட்டு, உன்னைப் போலவே குனிந்து உன் கேள்வியைக் கேட்டாள். புஷ்பத்துக்கிட்ட என்றேன்.

அவள் கை நின்றது. என்னை அண்ணா என்பதற்கு நானா என்றுதான் அவள் கூப்பிடுவாள். "நானா, அந்த எடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன். அக்கா கேட்டா நான் என்ன பதில் சொல்ற? வேற எடம் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. என் பெண்டாட்டியிடம் போக இவள் யார் தடுக்க? ஆனால் அவள் அசையவில்லை, டொக்டரும் மருந்தைத் திறக்காமல் நின்றார். கதவுக் கண்ணாடிக்கு வெளியே மாலினியின் முகம் தெரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். கண்டி பஸ் ஸ்டாண்ட்.

மருந்து ஏறியதும் அங்கேதான் போனேன். மேலே மேகம் இறங்கியிருந்தது, பஸ் நிறைய ஆட்கள். நான் வத்தேகம, பன்வில, மடுல்கெல்ல என்று கூவிக்கொண்டே இருந்தேன். ஏறுகிறவர்கள் எல்லோரும் எதையாவது கேட்டார்கள், மூட்டையை எங்கே வைக்க, ஜன்னல் பக்கம் இடமிருக்கா என்று. உன்னைத் தேட எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

தெளிந்ததும் அழுதேன். அடுத்த நாள் காலையில் மாலினியிடம் இஞ்சி போட்டு ஒரு பிளேன்டீ கேட்டேன். நானாக ஒன்றைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. குசினிக்குப் போனவள் திரும்பி வர நேரமாயிற்று, அவள் கண் சிவந்திருந்தது.

குணமாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சில வாரம் நன்றாயிருக்கிறது, பிறகு பழையபடி கனக்கிறது, மறுபடி ஏற்றுகிறார்கள். ரிஸ்வானா ஒவ்வொரு முறையும் கேட்கிறாள், நானும் ஒவ்வோர் ஊராகச் சொல்கிறேன். மாலினி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். திங்கட்கிழமை நானும் பஸ்ஸில் ஏறுகிறேன்.

உன்னிடம் வருகிற நாள் தானாக வரட்டும். நானாகக் கேட்டு வாங்க மாட்டேன், இது உனக்கு நான் தருகிற வாக்கு. அதுவரை என் மனசு எங்கே போகணும் என்று இழுத்தாலும் நீ சொன்னதையே சொல்வேன். எங்கேயும் இல்லை, இங்கேயே இருக்கிறேன்.

கையை மட்டும் நீ விட்டுவிடாதே.

மாலினியின் அப்பா,
உன் வீட்டுக்காரர் செல்வராஜ்