அடுப்பை அணைத்த பிறகும்

அன்புள்ள வாயாடியின் அப்பாவுக்கு,

வணக்கம். நானும் உங்கள் மகளும் நலம். உங்கள் கைபேசி கிரேனிலிருந்து கடலில் விழுந்த பிறகு உங்களைப் பிடிக்கவே முடியவில்லை. துறைமுக ஆபீஸுக்குப் போன் செய்தால், 'அவர் மேல இருக்காரும்மா, அப்புறம் பேசுங்க' என்று வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் லாரி டிரைவர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சாயங்கால ஷிப்டுக்கு முன்னால் வந்துவிடுவார். வாங்கியதும் நின்ற இடத்திலேயே படித்துவிடுங்கள்.

தையல் வேலை பரவாயில்லை. குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீங்கள் வந்து பார்ப்பதாகச் சொன்னதால் நான் யாரையும் கூப்பிடவில்லை.

பள்ளியில் சொன்னார்கள் என்று நம் வாயாடி ஒரு வேலை செய்து வைத்திருக்கிறாள். காலி ஜாம் பாட்டிலின் வாயில் பலூனை வெட்டி இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒரு ஸ்ட்ராவைப் படுக்க வைத்து ஒட்டியிருக்கிறாள். பின்னால் கோடு போட்ட அட்டை. வெளியே காற்றின் அழுத்தம் குறைந்தால் பலூன் உப்பி, ஸ்ட்ராவின் நுனி கீழே இறங்குமாம். இறங்கினால் மழை, புயல். பெரிய மனுஷி மாதிரி எனக்கு விளக்கினாள்.

வைத்த இடம்தான் வேடிக்கை. அடுப்புக்குப் பக்கத்தில்! நான் சமைக்கும்போதெல்லாம் நுனி இறங்கியது. என் சமையலுக்கே புயல் வருகிறது என்று கேலி செய்து அவளை அழ வைத்துவிட்டேன். சூட்டிலும் உள்ளே இருக்கும் காற்று விரியும், அடுப்படியில் வைக்காதே என்று டீச்சர் சொன்ன பிறகு படுக்கையறை அலமாரிக்கு மாற்றினாள்.

நேற்றிலிருந்து அங்கேயும் இறங்குகிறது. அடுப்புச் சூட்டால்தான் இருக்கும் என்று காலையிலிருந்து நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டோம். 'அம்மா, அடுப்ப அணைச்சாச்சே, இன்னும் ஏம்மா எறங்குது?' என்று கேட்டாள். பசை விட்டிருக்கும் என்று காலையிலேயே வேறொரு பாட்டிலில் புதிதாக ஒன்று செய்து பக்கத்தில் வைத்தோம். மதியத்துக்குள் அதுவும் இறங்கிவிட்டது. பழையது கடைசிக் கோட்டையும் தாண்டிவிட்டது.

வெளியே பளிச்சென்று வெயில். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ரேடியோவில் பலத்த காற்று வீசக்கூடும் என்கிறார்கள். அதைத்தான் வாரம் முழுவதும் சொல்கிறார்களே! நான் மட்டும் அந்த ஸ்ட்ராவையே போய்ப் போய்ப் பார்க்கிறேன். நீங்கள் இருப்பதும் இதே கடற்கரையில்தானே.

போன தடவை சைரன் ஊதுவதற்குள் காற்று வந்துவிட்டது. ஏணி ஆடியதால் இறங்க முடியாமல் கிரேன் உச்சியில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தீர்கள். அதை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஜன்னல் கதவு படபடத்தாலே எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. இதை உங்களிடம் சொன்னதில்லை. சொன்னால் மேலே ஏறும்போது அந்த நினைப்பு வரும் என்று பயம்.

இன்று ஏணியில் கால் வைக்காதீர்கள். கப்பல் காத்திருக்கிறது என்று சூப்பர்வைசர் கத்தினால் கத்தட்டும். மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். ஜாம் பாட்டில் கதையைச் சொல்லாதீர்கள், துறைமுகமே சிரிக்கும். ஏற்கெனவே ஏறியிருந்தால் கீழே நின்று கத்திக் கூப்பிடும்படி டிரைவர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். நம் வீடு கெட்டியான வீடு, எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அண்ணன் ஹாரன் அடிக்கிறார். காற்றே வராமல் போனால், ஒரு நாள் வேலையைக் கெடுத்துவிட்டாள் என்று வந்து என்னைத் திட்டுங்கள். அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி திட்டுங்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். திட்டுவதற்கு நீங்கள் வீட்டுக்கு வந்தால் போதும்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
வாயாடியின் அம்மா