எட்டு வீட்டு நோட்டீஸ்

என்னங்க,

டூட்டி முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடுங்கள், அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியை மாடி வீட்டு நர்ஸ் அக்காவிடம் கொடுங்கள், சின்னவள் வந்து நிற்பாள்.

வாடகையை ஒன்றரை மடங்கு கொடு, இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய் என்று ஓனர் அனுப்பிய நோட்டீஸைப் பற்றி, நேற்று படிக்கட்டில் நின்று அக்காவிடம் சொன்னீர்களே, அதற்குத்தான் அவ்வளவு கத்தினேன். "உங்களுக்கு வெக்கமே இல்லையா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

இன்று காலை குப்பை கொட்டப் போன இடத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கும் வந்திருக்கும்மா. வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்று அழுதே விட்டார். இருவரும் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். எட்டு வீட்டுக்கும் அதே நோட்டீஸ்! எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் தன் பெண்டாட்டிக்கே தெரியாமல் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாராம். நான் மட்டும் என்ன, யார் கண்ணிலும் படக்கூடாதென்று அரிசி டப்பாவுக்கு அடியில்தானே வைத்தேன். அதை எடுத்து மேஜை மேல் வையுங்கள். ஆறு மணிக்கு எல்லோரும் நம் வீட்டில்தான் கூடுகிறார்கள். பதில் கேட்க ஏழு மணிக்கு ஓனர் வந்தால் எட்டு வீடும் சேர்ந்தே பேசும். நான் பர்மிஷன் போட்டுவிட்டு ஐந்தரைக்கே வந்துவிடுவேன்.

நேற்று நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஆளுக்கொரு மூலையில் சத்தமில்லாமல் மூட்டை கட்டிக்கொண்டிருப்போம். நீங்க நல்லா இருக்கணும்.

பி.கு: நம்மிடம் இருப்பது இரண்டே நாற்காலி. அவரவர் நாற்காலியை அவரவரே தூக்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன். எனக்கும் வெட்கம் போய்விட்டது.