வளைவுகளில் ஹார்ன் அடிப்பவர்

போளூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு அருள்மணிக்கு,

அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் உடம்பால் நலம். நீ நலமா என்று அடுத்த வரியில் கேட்பது வழக்கம். இன்று அதை எழுதக் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பயப்படாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் வியாழக்கிழமை பார்த்ததிலிருந்து எனக்குள் ஏதோ நின்றுபோயிருக்கிறது, இன்னும் ஓடத் தொடங்கவில்லை. தட்டச்சு செய்தால் அழித்து அழித்து நல்ல சொற்களாக்கிவிடுவேன். அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்று கல்லூரிக்கு விடுமுறை. அப்பா மறுபடியும் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். கொஞ்ச நாளாகவே இப்படி மறக்கிறார். எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். ஜமுனாமரத்தூர் மலைக்குப் போய் இறங்கிவந்த அப்பாவின் வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். கண்டக்டர் சுப்பிரமணி டீக்கடையிலிருந்தே கையாட்டினார், டீச்சரம்மா, அண்ணன் சண்டையில இருக்காரு, பாத்து ஏறுங்க என்று சிரித்தார். யாருடன் சண்டை என்று பதறி ஏறினேன். காலி வண்டி. கடைசி இருக்கையில் அப்பா. மூக்கு நுனியில் கண்ணாடி, இரண்டு கையிலும் போன், கட்டைவிரல்கள் மட்டும் அசைகின்றன. துப்பாக்கிச் சத்தம். அதற்கு நடுவே உன் குரல். யோவ் கியரு, ஒளிஞ்சு போறப்ப எவனாவது வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிப்பானா, ஊரையே கூப்புட்றியா, லூசாய்யா நீ என்று கத்துகிறாய். உன் அப்பாவை. அவர் சிரிக்கிறார். எங்கள் கல்யாணப் படத்தில்கூட இல்லாத சிரிப்பு. டப்பா என் கையிலிருந்து நழுவி உருண்டு டிரைவர் இருக்கை வரை போனது.

ஆமாம் அருள். உன் துப்பாக்கி விளையாட்டுக் குழுவில் ஜீப் ஓட்டும் அந்த 'செகண்ட் கியர்', வாயே திறக்காத அந்த ஆள், உன் அப்பா. போன தடவை நீ வந்தபோது உன் போன் உடைந்து அவருடையதில் விளையாடினாயே, நீ போன பிறகு அதைத் திறந்து பார்த்திருக்கிறார். சுப்பிரமணியை வைத்துத் தனக்கொரு பெயர் போட்டு உனக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறார், நீ யாரோ பழைய கல்லூரித் தோழன் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டாயாம். உன்னிடம் போனில் நல்லாருக்கியா, சாப்ட்டியா, இந்தா அம்மா கிட்ட குடுக்கறேன் என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாத மனிதர். எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா, தெரியவில்லை. இந்த வயதில் துப்பாக்கியா என்று மட்டும் கேட்டேன். நான் இன்னாத்த சுட்டேன், வண்டிதான் ஓட்றேன் என்றார்.

வீட்டுக்கு வந்தும் விடாமல் கேட்டேன். இதில் அப்படி என்ன இருக்கிறது. முதலில் பஸ் ஓட்டுகிற விளையாட்டுத்தான் ஆடினாராம். நாள் முழுக்க மலையில் ஓட்டிவிட்டு மறுபடியும் பஸ்ஸா என்று கேட்டால், அதுல யாரும் வாந்தி எடுக்க மாட்டாங்க ஷோபனா என்கிறார். ஆனால் சீக்கிரமே சலித்துவிட்டது. வண்டி பள்ளத்தில் விழுந்தால் மறுபடியும் ரோட்டில் நிற்கிறது, பயமே இல்லாத மலை ரோடு இன்னா ரோடு என்று விட்டுவிட்டார். சுப்பிரமணி போனில் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு ஆடுகிறார், அவருக்கு அந்த நொறுங்கும் சத்தம் போதும், கூட்டத்தின் இரைச்சல் அதில் கரைகிறதாம். கண்ணமங்கலத்தில் உன் ஆதிநாராயணன் சித்தப்பா போனில் பயிர் செய்கிறார், நிஜக் கொல்லையில் வேர்க்கடலையைப் பன்றி தோண்டிப் போட்டிருக்கிறது, போனில் நட்டது நட்டபடி விளைகிறது. நான் காலையில் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுவதை ஒரு விளையாட்டு என்று நினைத்ததே இல்லை. எங்கோ ஒரு விடை இருக்கிறது என்ற நிம்மதிக்காகத்தான் அதைப் போடுகிறேன் போலிருக்கிறது. அப்படியென்றால் அவரவர் வாழ்க்கையில் கிடைக்காததைத்தான் விளையாட்டில் தேடுகிறோம் என்றேன். பாடம் எடுக்காத, எனக்கு அந்த ஜீப்ப ஓட்றதே ஜாலியா கீது என்றார். பிறகு, அவன் எங்கிட்ட இவ்ளோ பேசனதே இல்ல என்றார். நீ திட்டுவதைத்தான் சொல்கிறார். ஹார்ன் வேண்டுமென்றே அடிப்பதில்லையாம், வளைவைக் கண்டால் விரல் தானாகப் போகிறது. ஒருமுறை எதிரி ஒருவன் விழுந்து கிடக்க, அவனைத் தூக்கப் போய்க் குண்டடி பட்டிருக்கிறார். மலையில் நின்றுபோன வண்டியைத் தாண்டி எந்த டிரைவரும் போக மாட்டான் அல்லவா, அந்தப் பழக்கம். நீ அன்றைக்கும் திட்டினாயாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை. இங்கே மதியம் என்றால் போலந்தில் வேலைக்குப் போயிருக்க வேண்டிய நேரம். அவன் ஏன் அப்போது விளையாடுகிறான் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. நான் வற்புறுத்தவில்லை, அவராகவே சொன்னார். முதலில் ஞாயிறுகளில் மட்டும்தான் நீ வருவாயாம். தை கழிந்த பிறகு எல்லா நாளும் வர ஆரம்பித்தாய். ஒருநாள் விளையாட்டுக்கு நடுவே உன் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தாயாம், வேலை போய்டுச்சு மச்சி, ஒருத்தன் ரூம்ல சோஃபால படுத்துக்கறேன், காலைல எதுவும் சாப்புடல, வூட்ல சொல்லல, அப்பா திட்டினாக்கூட பரவால்ல, ஒண்ணும் பேச மாட்டாரு, அதான் தாங்காது என்று. இவர் அந்தப் பக்கம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பட்டம் வாங்கியவள், பிள்ளைகளுக்கு வேலையின்மை பற்றிப் பாடம் நடத்துபவள் நான். என் மகன் பட்டினியாக விளையாடுகிறான் என்று பஸ் டிரைவரின் போனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை, உடனே கூப்பிடுங்கள் என்று கத்தினேன். கேட்டா அவன் விளையாட வர்றத நிறுத்திடுவான், அப்புறம் அவன் குரலு எனக்கு ஏது என்றார். பிறகு, அந்த வெளையாட்டுல அவன் வுழுந்தா ஓடிப்போய் தூக்கிட்றேன், அதுக்கு விசா வேணாம் என்றார். டப்பா மறந்து போனதும் மறதியில்லை. நீ சாப்பிடவில்லை என்று கேட்ட நாளிலிருந்து மதியச் சோறு இறங்கவில்லையாம்.

சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். இதில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீ சோஃபாவில் தனியாகப் படுத்திருக்கிறாய் என்பது மட்டும் தெரிகிறது. வேலை போனது குற்றமில்லை கண்ணா. அங்கேயே தேடு, முடியவில்லையென்றால் வா, உன் கட்டிலில் துவைத்த விரிப்புப் போட்டிருக்கிறேன். என்னிடம் இனி மறைக்காதே. அப்பாவிடம் நீயாகச் சொல்லும் நாள் வரட்டும், அதுவரை அந்த ஜீப் ஓட்டுபவர் யார் என்று உனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். திடீரென்று மரியாதையாகப் பேசிவிடாதே, கண்டுபிடித்துவிடுவார். யோவ் என்றே கூப்பிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும், நல்லதே வரும், காலையில் எழுந்ததும் முதலில் ஏதாவது சாப்பிடு. ஒன்றே ஒன்று மறக்காதே. நாளைக்கும் அவர் வளைவில் ஹார்ன் அடிப்பார். குறைக்காமல் திட்டு. திட்டி முடித்து, வேறு யாரிடமோ சொல்வதுபோல, சாப்பிட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். சாப்பிட்ட பிறகு மட்டும் சொல். இங்கே கடைசி இருக்கையில் ஒரு டப்பா திறக்கும்.

உன் அம்மா
ஷோபனா துரைக்கண்ணு