அடித்தொண்டை மாப்பிள்ளை

டோர்செட் பார்க், ரொறன்ரோ
ஏப்ரல் 20

கோபமாக இருக்கும் என் அன்பு சீமோன் அண்ணைக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். பாரிசில் உங்கள் கோபமும் குறைவில்லாமல் இருக்குமென்று நம்புகிறேன். கலியாணம் முடிக்கப்போகிறேன் என்றதும் போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. கிழிக்கிறதென்றாலும் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

மாப்பிள்ளைக்கு அறுபத்தாறு வயது. பெயர் வெலிச்கோ, ஊர் பல்கேரியா. எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடி. போன வருஷம் கீழே உடுப்புத் துவைக்கப் போனேன், அறை முழுக்க உறுமல். ட்ரையர் பழுதென்று ஆளைக் கூட்டிவந்து பார்த்தால், இந்த மனுசன் காற்சட்டை மடித்துக்கொண்டு பாடுகிறார்!

நீங்கள் ஊரில் கூத்தாடின மாதிரித்தான் அவர் தொழிலும். பாடியே நடிக்கிற கூத்து, ஒபரா என்பார்கள். தகப்பன் பஸ் சாரதி. பட்டாளத்தில் பேர் கேட்க இவர் சொன்ன சத்தத்தைக் கேட்ட அதிகாரி ஒருவர் பாட்டுப் படிக்க அனுப்பினாராம். பிறகு சோபியா, ஜெர்மனி, இத்தாலி என்று முப்பது வருஷம் மேடை. ஆனால் இவரைப்போல அடித்தொண்டையில் பாடுகிறவருக்கு ராசா, பிசாசு, சாமியார், பெண்ணின் தகப்பன், இவ்வளவுதான் வேஷமாம். பொம்பிளை கிடைப்பது எப்போதும் மெல்லிய குரல்காரனுக்காம். முப்பது வருஷமாகப் பொம்பிளையை மற்றவனுக்கே கைபிடித்துக் கொடுத்தேன் என்று அழாக்குறையாகச் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இங்கே பாட வந்த இடத்தில் தொண்டையில் ஒப்பரேஷன், அதோடு மேடை முடிந்தது. மனுசி காலமாகி ஒன்பது வருஷம்.

மாசியில், அதே துவைக்கும் அறையில், என்னைக் கலியாணம் முடிக்கிறீரா என்று கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. நம்புங்கள்! ஓம் என்று தலையை மேலும் கீழும் ஆட்டினேன். முகம் கறுத்துப்போய், கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று கிழமை ஆளைக் காணோம். எங்களோடு பாடுகிற கோயில் பாட்டுக்குழுவுக்கும் வரவில்லை. கடைசியில் மகள் ஷரோன்தான் போய் விசாரித்தாள். அவர்கள் நாட்டில் மேலும் கீழும் ஆட்டினால் இல்லை என்று அர்த்தமாம்! கனடாவில் பத்து வருஷம் இருந்து எங்கள் ஆட்டமும் பழகினவர்தான், ஆனால் நெஞ்சு பதறினால் ஊர்ப் பழக்கம்தான் முன்னுக்கு வருமாம். நான் ஏழாம் மாடிக்கு ஏறிப்போய், கதவடியில் நின்று தலையை நாலு பக்கமும் ஆட்டி, இதில் எது ஓமோ அதை எடுத்துக்கொள்ளும் என்றேன்.

சனம் என்ன சொல்லும் என்பீர்கள். சொல்லி முடித்துவிட்டார்கள். சிலுவை அடையாளத்தை வலப்பக்கத்திலிருந்து போடுகிறார் என்று பாட்டுக்குழு அன்ரனெற்றுக்கு நித்திரை இல்லை. அவர்கள் ஓர்த்தடொக்ஸ் சபையில் அப்படித்தான். எங்கள் பங்குச் சுவாமி கடதாசி எல்லாம் பார்த்துச் சரி என்றுவிட்டார்.

பிள்ளைகளின் அப்பா ஜூலியசை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவர் காலமாகிப் பதினொரு வருஷம், ஒரு கோப்பைத் தேத்தண்ணிதான் போட்டேன். இப்போது இரண்டு போடுகிறேன். அவ்வளவுதான் அண்ணை.

ஜூன் பதின்மூன்று, அந்தோனியார் திருநாள், சனிக்கிழமை பத்து மணிக்குப் பூசை. என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போக மகன் றோய் கோட்டும் வாங்கிவிட்டான். என் அப்பாவின் இடத்தில் நின்று முதல் கலியாணத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட்டவர் சீமோன் மாமா, நீ பின்னால் வா என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் தனியே நடப்பேன், எனக்குக் கால் இருக்கிறது.

ஆனால் மெதுவாகத்தான் நடப்பேன்.

உங்கள் அடங்காத தங்கச்சி,
றீற்றா