பதினோரு இடத்தில் சோதனை

மார்ச் 3, 2025, திங்கள்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் எங்கள் ஆய்வுக்கு இன்று முப்பத்தொன்றாவது குழந்தை சேர்ந்தது. தாயோ தகப்பனோ நாளுக்கு எட்டு மணி நேரம் வெறும் நெஞ்சில் அணைத்து வைத்திருந்தால், இப்போதைய ஒரு மணி நேரத்தைவிடக் குழந்தை நன்றாகத் தேறுமா? அதுதான் கேள்வி. பெற்றோரிடம் விளக்கிக் கையெழுத்து வாங்கும் நர்ஸ் நான். சீனர், மலாய்க்காரர் எல்லாரும் சேர்ந்தாகிவிட்டது. தமிழ்ப் படிவத்தில் மட்டும் ஒரு கையெழுத்துகூட இல்லை. கேட்ட ஆறு குடும்பமும் வேண்டாம் என்றுவிட்டது.

"மாதக் கடைசிவரை பார்ப்போம் பிரிஜட். இல்லையென்றால் தமிழ்ப் படிவத்தை எடுத்துவிடலாம்" என்றார் ஆய்வை நடத்தும் டாக்டர் கோ.

எடுப்பதாவது! நம் பிள்ளைகள் இல்லாமல் என்ன ஆய்வு? ஆனால் நம் ஆட்களையும் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் பயம். படிவத்தில் குறையில்லை. மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தவள் நான். ஓ லெவல் தேர்வில் தமிழுக்கு ஏ ஒன்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

ஏழாவது குடும்பமும் போயிற்று. நிரஞ்சனாவின் மகன், இருபத்தொன்பதாவது வாரத்தில் பிறந்தவன், ஒரு கிலோதான். அப்பா கதிரேசனுக்குச் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை. படிவத்தை முழுக்க வாசித்துவிட்டு மடித்துத் தந்தார். "வேணாம் சிஸ்டர். எம்புள்ளைக்கு வந்த சோதனை போதாதா? நீங்க வேற பண்ணணுமா?"

என்ன மனிதர் என்று எரிச்சலாக வந்தது. மாலை லூர்து மாதா கோயிலில் பூசை. சோதனையில் விழாமல் காக்கும்படி எல்லாரோடும் சேர்ந்து வேண்டும்போது வாய் அப்படியே நின்றுவிட்டது.

சோதனை.

மார்ச் 6

படிவத்தில் அந்தச் சொல்லை எண்ணிப் பார்த்தேன். பதினோரு இடம். "உங்கள் குழந்தை சோதனைக்கு உட்படுத்தப்படும்." ஐயோ, இத நானா பாஸ் பண்ணேன்? கீழே என் கையெழுத்து! ஆங்கிலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டேனே, பெற்றவளாக ஒரு தடவை படித்தேனா? நம் ஆட்களுக்குப் பயம் என்றேன். எனக்குத்தான் திமிர்.

ஆர்னால்டிடம் சொன்னேன். கட்டிய கணவர், ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "மொதல்ல அந்த ஏ ஒன்ன திருப்பிக் குடுத்துடு லா" என்றார்.

மார்ச் 7

டாக்டர் கோவிடம் என் தவறு என்று நேராகச் சொன்னேன். திட்டவில்லை. புதிதாக எழுது, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால்தான் கொடுக்கலாம் என்றார். மாதக் கடைசி என்ற கெடுவை மட்டும் மாற்றவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

"சோதனை" எல்லாம் "ஆய்வு" ஆயிற்று. அப்படியும் பள்ளிக் கட்டுரை மாதிரியே இருந்தது. தேக்கா சந்தையில் பூ வாங்கும்போது பூக்கடைத் தங்கராஜு அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். சரம் தொடுத்துக்கொண்டே கேட்டார். நாலாம் பக்கத்தில் கையை நிறுத்தினார்.

"எது நல்லதுன்னு டாக்டருக்கே இன்னும் தெரியாதா?"

"தெரியாதுண்ணே. அதுக்குத்தான் இந்த ஆய்வே."

"அப்ப அத மொதல்ல போடும்மா. தெரியாதுன்னு சொல்றவன நம்பலாம் லா."

போட்டேன். முதல் வரியாக.

மார்ச் 19, புதன்

அனுமதி வந்தது!! நிரஞ்சனாவின் மகன் ஆய்வின் வரம்பான ஒன்றரைக் கிலோவை இன்னும் தாண்டவில்லை, அதனால் சேரலாம். ஆனால் வேண்டாம் என்றவரிடம் திரும்பப் போவது வற்புறுத்தல் ஆகாதா? டாக்டரைக் கேட்டேன். முதலில் புரியாமல் மறுத்தவர்களுக்குப் புரியும்படி ஒருமுறை சொல்வது நம் கடமை, அத்தோடு நிறுத்திக்கொள் என்றார்.

மார்ச் 20

"பழைய படிவத்துல தப்பு இருந்துச்சு. தப்பு என்னோடது" என்று சொல்லித்தான் புதியதைக் கதிரேசனிடம் கொடுத்தேன். இப்போதும் மறுக்கலாம், கவனிப்பில் ஒரு குறையும் வராது என்றேன். கதிரேசன் மனைவிக்குச் சத்தமாக வாசித்தார்.

"எட்டு மணி நேரம் எங்களுக்குக் கெடைக்குமா?" என்று கேட்டாள் நிரஞ்சனா.

"யாருக்கு எட்டு, யாருக்கு ஒண்ணுன்னு கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் பிரிக்கும்மா. நான் தொட முடியாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையெழுத்து விழுந்தது.

கம்ப்யூட்டர் வழக்கமான ஒரு மணி நேரத்துக்கே தள்ளியது. எனக்கு முகமே விழுந்துவிட்டது. எப்படிச் சொல்வது? கதிரேசன்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "பரவால்ல லா சிஸ்டர். ரெண்டு பக்கமும் புள்ளைங்க இருந்தாத்தானே எது நல்லதுன்னு தெரியும்?"

இதை ஆறு மாதமாக நான் யாருக்கும் இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.

மார்ச் 31

மூன்று தமிழ்க் குழந்தைகள். டாக்டர் கோ தமிழ்ப் படிவத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

நிரஞ்சனாவின் மகன் இன்று வீட்டுக்குப் போனான். இரண்டு கிலோ முந்நூறு. பெயர் ஆதவன். கையில் வாங்கிப் பார்த்தேன், நல்ல கனம்.

வாசலில் வைஷாலி என்ற புதுத் தாய், என் படிவத்தை வைத்துக்கொண்டு விழித்தபடி உட்கார்ந்திருந்தாள். "இது என்னண்ணே, புள்ளைக்குச் சோதனையா?" என்று கதிரேசனிடம் கேட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் நின்று, முதல் வரியைத் தொட்டுக் காட்டினார்.

"எது நல்லதுன்னு டாக்டருக்கே தெரியாதும்மா. எம்மவன் அவங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுத்துட்டு இப்பத்தான் வீட்டுக்குப் போறான். சேர்றதும் சேராததும் உங்க இஷ்டம்."

அவர்களை லிஃப்ட்வரை அனுப்பிவிட்டு வந்து கோப்பைப் பார்த்தேன். தமிழ்ப் படிவம் ஒன்றுகூட மிச்சமில்லை. இன்னும் இருபது நகல் எடுத்து வைத்தேன்.