திரி வைக்காமல் விட்ட விமானம்

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

இதை அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அப்பாவின் குறட்டை நின்றால் நானும் பேனாவை நிறுத்திவிடுவேன்.

நீ மரத்தில் செதுக்கிய போட்டி விமானத்தைத் தொலைத்துவிட்டேன். நேற்று பள்ளி மைதானத்தில் ஒரே ஒரு தடவை எறிந்து பார்க்கலாம் என்று எடுத்துப் போனேன். வாலில் திரி கொளுத்த வேண்டும், அது எரிந்து நூலை அறுத்தால்தான் வால் தூக்கிக்கொண்டு விமானம் கீழே இறங்கும் என்று நீ நூறு தடவை சொல்லியிருக்கிறாய். தீப்பெட்டி எடுத்தால் அம்மா கேட்பாளே என்று பயந்து, திரி இல்லாமலே எறிந்தேன். அது வட்டம் போட்டு ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டு நிமிடம் பின்னாலேயே ஓடினேன். பிறகு ஒரு புள்ளி. பிறகு அதுவும் இல்லை.

விமானம் இருந்தால்தான் நம்மூர்ப் போட்டி, போட்டி இருந்தால்தான் பட்டாளத்தில் லீவு என்று எழுதியிருந்தாய். ஒன்றரை வருடமாக அம்மா நாள் எண்ணுகிறாள். "அவன் வர்றதுக்குள்ள அந்த அறையப் பெருக்கி வைடி" என்று இன்றுகூடச் சொன்னாள். தலையை ஆட்டினேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வராமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தங்கை

ஜூன் 11

அடி வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன்.

பட்டாளத்தில் எது தொலைந்தாலும், லீவுக்கான காரணமே தொலைந்தாலும், எழுத்தில் விளக்கம் தர வேண்டும். எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை. உன் கடிதத்தையே அதிகாரியிடம் நீட்டிவிட்டேன். அவரும் இப்படி விமானம் செய்து விடுகிறவர். இரண்டு தடவை படித்தார்.

"பன்னெண்டு நிமிஷமா? நீ எறிஞ்சு எதுவும் ரெண்டு நிமிஷம் தாண்டி நான் பார்த்ததில்லையே."

"திரி இல்லாம போயிருச்சுங்க ஐயா."

"திரி இறக்கத்தான்யா செய்யும். ஏத்துனது யாரு?"

லீவு கிடைத்துவிட்டது. புது விமானம் செய்ய நான்கு நாள் கூடுதலாகவும் கொடுத்தார். உன் கடிதத்தில் முத்திரை குத்திக் கோப்பில் போட்டுவிட்டார்கள். இருபதாம் தேதி காலை வருகிறேன். எப்படி எறிந்தாய் என்று எழுது.

அண்ணன்

ஜூன் 15

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் குறட்டையும் கோப்பில் இருக்கிறதா?

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "பிள்ளை வர்றான்ல, அது போதும்" என்றாள். அப்புறம் ஞாபகம் வந்து காதைத் திருகினாள்.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முகத்தில் அடித்த காற்று நிற்கும்வரை காத்திருந்தேன். புல் சூடாக மணத்தது. அந்தச் சூடு மேலே ஏறும்போது எறிந்தேன். நீ காத்திருக்கவே மாட்டாய். கோபித்துக்கொள்ளாதே.

உன் வரைபடத்தை வைத்து ஓர் இறக்கையைச் செதுக்கிவிட்டேன். இன்னொன்றை உனக்காக விட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே எடையில் வர வேண்டும் அல்லவா? வந்ததும் முதலில் என்னுடையதை நிறுத்துப் பார். அப்புறம் கத்தியை எடு.

உன் தங்கை